பின்கட்டுச் சரக்கு

வாய் என்பது பொய் சொல்வதற்காகவே மனிதனுக்கு வைக்கப்பட்ட உறுப்பு என்பது ஆரணிப் பட்டுநூல் தரகர்களின் உறுதியான அபிப்பிராயம். அதில் அவர்களுக்கு வெட்கமும் கிடையாது. பெங்களூர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, "சீனா சரக்குய்யா, கப்பல்லேருந்து எறங்கின சூடு இன்னும் ஆறல" என்பார் ஒருவர். வாங்க வந்தவர் அதை நம்பிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம், கையில் தம்பிடி இல்லை என்று பதிலுக்கு ஒன்று விடுவார். அவருக்குப் பெண்ணே இருக்காது.

ஆனால் விலை என்று வந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து, அதோடு ஒரு விரல் என்றால் ஆறு; பத்துக்கு மேல் போனால் முதலில் பத்துகளைப் பிடித்து விட்டு, பிறகு ஒன்றுகளைப் பிடிப்பார்கள். சம்மதமென்றால் உள்ளங்கையை அழுத்த வேண்டும். இல்லையென்றால் பிடித்த கையைத் தட்டிவிட்டுத் தன் கணக்கைக் காட்ட வேண்டும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரியும். இதில் சட்டம் இரண்டே இரண்டு. துண்டுக்கடியில் பொய் கிடையாது. துண்டுக்கடியில் பேசியதை வெளியே சொல்வதும் கிடையாது. மீறியவன் கையை அதற்குப் பிறகு நூல்மண்டித் தெருவில் ஒருவனும் தொடமாட்டான்.

வீரபாகு இந்தத் தொழிலில் நாற்பது வருஷம் நின்றவர். அவர் நாக்குக்குப் பயந்து எதிர்வரிசைக்கு மாறி நடந்தவர்கள் உண்டு. யாரைப் பார்த்தாலும் ஒரு குத்தல், ஒரு நக்கல். பெற்ற மகன் சதீஷைக்கூட விட்டுவைத்ததில்லை. பையன் ஒருமுறை வேலூர் பஸ்ஸைத் தவறவிட்டுக் கண்ணமங்கலம் கூட்டு ரோட்டில் நின்றிருந்ததை, "எம்மவனுக்கு பஸ்ஸு மேல மருவாதி. அது முன்னால போவட்டும்னு வுட்டுடுவான்" என்று மண்டி முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தார். சதீஷும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அந்த சதீஷைக் காணோம். ஏழு வருஷம் ஆகிறது.

ஏகாம்பரம் முதலாளியின் பெரிய வீடு நூல்மண்டித் தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்கட்டில் கடை, நடுக்கட்டில் குடும்பம், பின்கட்டில் நூலும் ஜரிகையும் வைக்கிற குடோன். சதீஷ் அங்கேதான் ஜரிகைப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தான். ஒருநாள் சாயங்காலம், சூரத்தில் ஜரிகை மாதிரிகளைப் பார்த்து வரும்படி அவனை அனுப்பினார்கள். மெட்ராஸ் பஸ் ஏறி, அங்கிருந்து ரயில். அன்று ராத்திரியே பின்கட்டு தீப்பிடித்துக்கொண்டது. ஜரிகை திருடு போகாமலிருக்கக் கதவை வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம். உள்ளே படுத்திருந்த மூன்று வேலையாட்கள் கதவருகிலேயே கரிந்து கிடந்தார்கள். மகன் சூரத்துக்குப் போயிருந்ததால் தப்பினான் என்று தெய்வநாயகி கெங்கையம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள்.

மகன் சூரத்திலிருந்து போன் பண்ணவில்லை. திரும்பியும் வரவில்லை. அங்கே எவளையோ இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்று கடையில் சொன்னார்கள். வீரபாகு இரண்டு தடவை சூரத்துக்குப் போய், பாஷை தெரியாத ஊரில் போட்டோவைக் காட்டிக் காட்டி அலைந்து திரும்பினார். கடையின் கொள்முதல் மேஸ்திரி கிருபாகரனிடம் அவர் கேட்காத நாள் இல்லை. "பஸ் ஸ்டாண்டுக்கு நானே அனுப்பி வெச்சேண்ணே, கர்த்தர் சாட்சியா" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வந்ததில்லை. தீ விபத்துக்குப் பிறகு கிருபாகரன் கொள்முதலை விட்டுவிட்டுக் கணக்குப் பிள்ளையாக உள்ளே உட்கார்ந்துகொண்டார். தெருவில் வீரபாகுவைக் கண்டால் சட்டென்று ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்துவிடுவார். ஒருமுறை நுழைந்தது வளையல் கடை.

தெய்வநாயகி மட்டும் அசையவில்லை. போனைச் சார்ஜிலேயே வைத்திருப்பாள். சூரத் ஜரிகைப் பார்சல் வருகிற லாரி ஆபீசுக்குப் போய், "அங்க ஆரணிப் பசங்க யார்னா கீறாங்களாப்பா" என்று டிரைவர்களைக் கேட்பாள். தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்கு ஒரு சட்டை. முதல் வருஷம் முப்பத்தெட்டு சைஸ் எடுத்தாள். போன தீபாவளிக்கு நாற்பத்திரண்டு.

"இன்னா தெய்வா, ஆளே இல்லாத சட்டைக்குத் தொப்பை போட்டுகினு போறே?" என்றார் வீரபாகு.

"வயசாவுதில்ல. அந்த ஊர்ல கோதுமையும் நெய்யும்தானே. வுழுந்திருக்கும்" என்றாள் அவள், சட்டையை மடித்துக்கொண்டே. அதற்கு மேல் அவருக்கே நக்கல் பண்ணத் தோன்றவில்லை. பிள்ளை செத்திருந்தால் அழுது தீர்க்கலாம். இருக்கிறான் என்றால் திட்டித் தீர்க்கலாம். இரண்டும் இல்லாமல் அந்த வீடு ஏழு வருஷமாகப் பாதிச் சோறு தின்றுகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ஏகாம்பரம் முதலாளிக்கு வரலாற்றின்மேல் பாசம் பொங்கியது. எரிந்த குடோனை வாடகைக்குக் கேட்டு யாரும் வரவில்லை; ராசியில்லை என்றார்கள். சும்மா கிடப்பதற்கு, பெரிய வீட்டின் முன்கட்டையும் பின்கட்டையும் புதுப்பித்து, 'ஆரணி வரலாறு பண்பாட்டு அருங்காட்சியகம்' என்று பலகை மாட்டிவிட்டார். ஜாகீர் காலத்து வாள், வெள்ளைக்காரன் காலத்து வரைபடம், பழைய தறி, பழைய தராசு, யார் வீட்டுப் பாட்டனென்று தெரியாத போட்டோக்கள். வெம்பாக்கத்துப் பெண் ஹேமலதா, சென்னையில் சரித்திரம் படித்தவள், எல்லாவற்றையும் அடுக்கி அட்டை எழுதி வைக்கிற பொறுப்பில் இருந்தாள்.

அவள்தான் ஒருநாள் வீரபாகு வீட்டுக்கு வந்தாள்.

"ஐயா, துண்டு போட்டு பேரம் பேசறதைத் திறப்பு விழாவுல ரெண்டு பேர் நேராவே செஞ்சு காட்டினா நல்லா இருக்கும். வீடியோ எடுத்து வெச்சுடலாம். நீங்க வரணும்."

"எதுக்கும்மா? கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒக்கார வெச்சி டிக்கெட்டு போடுவீங்களா?"

ஹேமலதா சிரித்தாள். "கொஞ்ச நேரம்தான் ஐயா. சும்மா நடிச்சாப் போதும்."

"அந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்கறதில்லம்மா. வேற ஆளப் பாரு."

"எதிர்ல உட்கார கிருபாகரன் சாரே ஒத்துக்கிட்டாரே. மூணு தடவை முடியாதுன்னுட்டார். அப்புறம் முதலாளி கூப்பிட்டுச் சொன்னதும் சரின்னார்."

வீரபாகு வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. ஏழு வருஷமாக அந்த மனிதரிடம் தான் கேட்டதெல்லாம் வாயால் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்பது வருஷம் இந்தத் தொழில் பார்த்தவர், வாயிடம் போய் உண்மையைக் கேட்டிருக்கிறார்! ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிளைத் தொட்டுச் சொன்னதைக்கூடக் கிருபாகரன் திங்கட்கிழமை மாற்றிப் பேசுவார். ஆனால் துண்டுக்கடியில் அந்த ஆள் ஒரு விரல் கூடுதலாகக் காட்டியதாகச் சரித்திரம் இல்லை.

"வரேம்மா" என்றார். "எங்க ஒக்காரணும்?"

"பட்டுக் கூடத்துல ஐயா. பின்கட்டுல."

அவள் போனதும் தெய்வநாயகி உள்ளேயிருந்து வந்தாள். "அங்க போயி கூத்து கட்டப் போறியா?"

"கிருபாகரன் கையி வேணும் எனக்கு."

தெய்வநாயகி தரகர் பெண்டாட்டி. ஏன் என்று கேட்கவில்லை. "சதீஷு இப்ப எங்க கீறான்னு கேளு" என்று மட்டும் சொன்னாள்.

திறப்பு விழாவன்று நூல்மண்டித் தெருவுக்குச் சாமியானாவும் சீரியல் பல்பும் வந்திருந்தன. வீரபாகு வெள்ளை வேட்டியும் மடித்த துண்டுமாக உள்ளே போனார். கழிவறைக்குப் போகிற அம்புக்குறிக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னப் பலகை இருந்தது. 'இக்கட்டடத்தின் பின்பகுதியில் நிகழ்ந்த தீ விபத்தில் உயிர்நீத்த மூவரின் நினைவைப் போற்றுகிறோம்.' கை கழுவ வந்தவர்கள் அதன்மேல் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

அந்த மூன்று பேர் விவகாரத்தை முடித்து வைத்தது வேறு யாருமில்லை, வீரபாகுதான். பின்கட்டில் புகை அடங்குவதற்கு முன்பே முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கேஸு, கோர்ட்டு என்று போகாமல் குடும்பத்தாரிடம் பேசி முடிக்க வேண்டும். செத்தவர்களின் ஜனம் கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து வேனில் வந்து தெருவில் புரண்டுகொண்டிருந்தது. அவர்களுக்காக வீரபாகு கையைக் கொடுத்தார். முதலாளிக்காகக் கிருபாகரன் கையைக் கொடுத்தார். இதே துண்டு போட்ட பேரம்தான். தலைக்கு இவ்வளவு என்று முடிந்தது. நல்ல விலை வாங்கிக் கொடுத்தார் என்று அந்த ஜனமே கையெடுத்துக் கும்பிட்டது. ஊரில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஜல்தியாக ஒரு சாவு முடிந்ததில்லை. வீரபாகுவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பட்டுக் கூடம் ஜில்லென்று இருந்தது. ஏசி. கருங்கல் பாவிய தரையில் முகம் தெரிந்தது. இருபுறமும் வரிசையாகப் பழைய மரத்தூண்கள். எரிந்த கருப்பைச் சுரண்டி எடுத்து வார்னிஷ் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு தூணிலும் பித்தளையில் ஒரு எண். காதில் கருவி மாட்டிக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினால் அந்த இடத்துக் கதை கேட்குமாம்.

நடுவில் ஜமக்காளம் விரித்திருந்தது. கிருபாகரன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இருந்தார். கழுத்துச் சதை சட்டைக் காலருக்குள் தொங்கியது.

"இன்னா கிருபா, வளையல் கடைக்குப் போவலியா இன்னிக்கு?"

சுற்றி நின்ற பழைய தரகர்கள் சிரித்தார்கள். கிருபாகரன் சிரிக்கவில்லை. "ஒக்காருங்கண்ணே" என்றார் மெதுவாக.

முதலாளி ஏகாம்பரம் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர். பள்ளிப் பிள்ளைகள், செல்போனைத் தூக்கிப் பிடித்த ஜனம். ஹேமலதா மைக்கில் துண்டுப் பேரத்தை விளக்கினாள். "முதல்ல என்ன சரக்குன்னு வாய்விட்டுச் சொல்லுவாங்க. அதுக்கு அப்புறம் எல்லாமே விரல்தான். ஐயா, ஆரம்பிக்கலாமா?"

வீரபாகு துண்டை உதறி இரண்டு கைகளின்மேலும் போட்டார். கிருபாகரன் கை ஈரமாக இருந்தது.

"இன்னா சரக்கு?" என்றார் கிருபாகரன். பேரத்தில் கேட்க வேண்டிய முறை அது.

"பின்கட்டுச் சரக்கு" என்றார் வீரபாகு, எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏழு வருசத்துக்கு முந்தினது. நெருப்புல போனது. எத்தினி உருப்படின்னு பேசுவோம்."

ஜனம் இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. முன்வரிசையில் ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிருபாகரன் கையை உருவப் பார்த்தார். வீரபாகு விடவில்லை. துண்டு போட்டபின் கையை உருவுகிறவன் பேரத்துக்குத் துரோகி. இத்தனை தரகர் முன்னால் அது முடியாது.

வீரபாகு மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தார்.

ஊருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். கிருபாகரன் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினால் முடிந்தது. எழுந்து போய்க் காபி குடிக்கலாம். அவர் அழுத்தவில்லை. கை வெறுமனே கிடந்தது. நாடி அடிப்பது மட்டும் தெரிந்தது. "இன்னாய்யா, ஜரிகையா வாங்கறீங்க, ஜமீனா வாங்கறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு தரகர் குரல் கொடுத்தார்.

அழுத்திடு, அழுத்திடுடா கிருபா என்று வீரபாகுவின் மனசு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் உண்மை வேண்டுமென்று அலைந்தவருக்கு அந்தக் கணத்தில் மூன்று போதுமாக இருந்தது. மூன்று என்றால் பிள்ளை எங்கேயோ கோதுமை ரொட்டி தின்றுகொண்டிருப்பான். தொப்பை போட்டிருப்பான்.

கிருபாகரன் விரலைத் தட்டிவிட்டார். வீரபாகுவின் நான்கு விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

ஏசி காற்று துண்டின் ஓரத்தை அசைத்தது. வீரபாகு முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முகத்தில் காட்டாமலிருப்பதுதானே அவர் நாற்பது வருஷம் தின்ற சோறு. நாலாவது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். யாராவது வழிப்போக்கன், குடிகாரன். சரக்கின் தரத்தையும் கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு விரலைப் பிடித்தார். விட்டார். மூன்று விரலைப் பிடித்தார். இருபத்து மூன்று. போனபோது சதீஷின் வயது.

கிருபாகரன் உள்ளங்கையை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. கண்ணிலிருந்து வடிவதைத் துடைக்க இன்னொரு கையைத் தூக்கவும் இல்லை. ஜனம் பார்க்கிறதே என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே, வீரபாகுவின் கையை முழுசாக ஒருதரம் பிடித்தார். அதன் பிறகு ஒற்றை விரலைப் பிடித்தார். ஆறு.

ஆறா? ஆறு பேரா? வீரபாகு தலையைத் தூக்கினார். கிருபாகரனின் பார்வை அவரைத் தாண்டி, வலப்பக்க வரிசையில் ஒரு தூணின் அடியில் நின்றிருந்தது. தூணில் பித்தளை எண். ஆறு. அதன் கீழே பளபளவென்று கருங்கல்.

மீதியை அவரே கோத்துக்கொண்டார். கோக்கத் தெரியாதவரா? பையன் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பான். வீட்டுக்குத் திரும்பினால் அப்பன் விடிய விடிய நக்கல் பண்ணுவான், மறுநாள் மண்டி முழுக்கச் சிரிக்கும். காலை பஸ்ஸில் போய்விடலாம் என்று யார் கண்ணிலும் படாமல் வந்து பெட்டிகளுக்கு நடுவில் சுருண்டிருப்பான். கதவை வெளியில் பூட்டியிருப்பார்கள். மூன்று உடல் கதவருகில் கிடந்தது. நான்காவது உள்ளே, இடிந்த கூரைக்கு அடியில். இடிபாட்டை அள்ளியது கிருபாகரன். அள்ளியது பேரம் முடிந்த பிற்பாடு. அப்போது நான்காவதைக் காட்டினால் முடித்த கேஸ் திறந்துகொள்ளும். அதுவும் யார் பிள்ளை? பேரம் பேசியவனுடைய பிள்ளை. அவன் எந்த விலைக்கும் மடியமாட்டான். அதனால்தான் கூரை போடுவதற்கு முன்னாலேயே அந்தக் கூடத்துக்குத் தரை போட்டார்கள். பணக்காரன் புத்தியைப் பார் என்று அன்றைக்கு வீரபாகு ஊர் முழுக்கக் கேலி செய்தது நினைவுக்கு வந்தது.

ஒரு மூட்டை நூல் என்றால் கட்டை அவிழ்த்து, உதறி, அடி நூல்வரை பார்க்காமல் அவர் விலைக்குக் கை நீட்டியதில்லை. அந்த ஒரு பேரத்தில்தான் சரக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், சாம்பலை அள்ளட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருந்தால் போதும்.

"ஐயா, முடிஞ்சுதா?" என்றாள் ஹேமலதா மைக்கில். "இப்ப என்ன முடிவாச்சுன்னு வெளியில யாருக்கும் தெரியாது. அதுதான் இதோட அழகே!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

வீரபாகு துண்டை இழுத்து எடுத்தார். இரண்டு கைகளும் வெளிச்சத்தில் ஒன்றையொன்று பிடித்தபடி இருந்தன. எழுந்து நின்றார்.

"இங்க செத்தது மூணு பேரு இல்ல. நாலு பேரு. நாலாவது எம்மவன் சதீஷு. தோ, அந்தத் தூணாண்ட பொதைச்சி மேல கல்லு போட்டுட்டானுங்க. கிருபாகரன் கையி சொல்லுச்சி."

கைதட்டல் அங்கங்கே நின்றது. செல்போன்கள் இன்னும் உயர்ந்தன. அதிகாரி ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரத்துக்கு வியாபாரம் ரத்தத்தில் ஊறியது. அரை நொடியில் முகத்தை ஆறுதலுக்கு மாற்றிக்கொண்டார்.

"பாவம் சார். புள்ள ஓடிப்போனதுலேருந்து பெரியவருக்கு மனசு சரியில்ல. கிருபா, நீ எதுனா சொன்னியாய்யா?"

கிருபாகரன் ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க. சும்மா வெலைதாங்க பேசிகினு இருந்தோம்."

அவர் கை மட்டும் துண்டு இருந்த இடத்தில், மல்லாந்தபடியே கிடந்தது.

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. வீரபாகு தன் ஜனத்தை, பழைய தரகர்களை, திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் கூட நின்றவர்கள். அவர்கள் முகம் கறுத்திருந்தது. அவர்களில் ரங்கசாமி என்கிறவர், பொதுவாக மென்மையான ஆள், முன்னே வந்து, "இன்னாய்யா இது, துண்டைத் தொறந்துட்டியே. இத்தினி பேரு முன்னால?" என்றார். மற்றவர்கள் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தார்கள். நான்காவது பிணம் யாருடைய காதிலாவது விழுந்ததா என்பதே சந்தேகமாக இருந்தது. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் வந்து அவர் தோளைத் தொட்டார். "பெரியவரே, பேஜார் பண்ணாதீங்க. எழுதிக் குடுங்க, பாக்கலாம். ஆனா வெரல வெச்சி எப்பிடி கேஸு போடறது?"

அவரைக் காரில் ஏற்றி வீட்டில் விட்டார்கள்.

தெய்வநாயகி வாசலிலேயே நின்றிருந்தாள். செருப்பை விடுவதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எங்க கீறானாம்?"

ஊரையே பேச்சில் வாங்கி விற்றவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மூன்று, நான்கு, இருபத்து மூன்று, ஆறாவது தூண். பஸ்ஸைத் தவறவிட்டதையும், வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதையும் விடாமல் சொன்னார். அதை மறைத்தால் கணக்குச் சரியாக வராது என்று அவருக்குப் பட்டது.

"யாரு சொன்னது?" என்றாள் அவள்.

"கிருபாகரன்."

"வாயாலயா?"

"கையால."

தெய்வநாயகி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. சார்ஜில் கிடந்த போனை எட்டிப் பிடுங்கி, ஸ்விட்சை அணைத்தாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. செய்தி செல்போனில் அவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. யாரும் உள்ளே வரவில்லை. வீரபாகு ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும், வேலூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று ஏதேதோ பேசிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் தோண்டறப்ப தோண்டட்டும்" என்றாள் தெய்வநாயகி. "எம்புள்ளைக்கு இன்னும் பாலு தெளிக்கலயே. ஏழு வருசமா வாய் காஞ்சி கெடக்கறானே."

காலையில் அவள் தலைக்குக் குளித்து, கறந்த பாலை ஒரு எவர்சில்வர் தூக்கில் வாங்கிக்கொண்டாள். இருவரும் நூல்மண்டித் தெருவுக்கு நடந்தார்கள். வழக்கமாகக் குரல் கொடுக்கிற கடைக்காரர்கள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் நேற்றைய வாழைமரம் வாடி நின்றது. வீரபாகு இரண்டு டிக்கெட் வாங்கினார். மகன் கிடக்கிற இடத்துக்குப் போக வேறு வழியில்லை.

வாசல் காவலாளி புதுப் பையன், செய்யாறு பக்கம். நேற்றைய சங்கதி தெரியாது போலிருந்தது. தூக்கைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"தண்ணி, சாப்பாடு எதுவும் உள்ள எடுத்துகினு போவக் கூடாதுங்க. இங்க வெச்சிட்டுப் போங்க, டோக்கன் தரேன்."

"ரெண்டு சொட்டுப் பாலுப்பா" என்றார் வீரபாகு. "ஒரு வேண்டுதல்."

"கேமரா கீதுங்க. எனக்கு வேலை பூடும். வேணும்னா இங்கயே குடிச்சிட்டுப் போங்க, அதுக்கு ஒண்ணுமில்ல."

வீரபாகு அடுத்த பேச்சுக்கு வாயெடுப்பதற்குள், தெய்வநாயகி மூடியைத் திறந்தாள். தூக்கை அண்ணாந்து சாய்த்து, வாய் கொள்ளும் மட்டும் பாலை நிறைத்துக்கொண்டாள். விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, தூக்கைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள். டோக்கனை அவர் வாங்கிக்கொண்டார்.

முன்கட்டுத் தாழ்வாரத்தில் ஹேமலதா எதிரே வந்தாள். ராத்திரி தூங்காத முகம். "அம்மா... நேத்து நான் வேணும்னு பண்ணல. எனக்கு எதுவுமே தெரியாது. வீடியோ முழுசா எங்கிட்ட இருக்கு. வேணும்னா போலீசுல நான் வந்து..."

தெய்வநாயகி நின்று அவளைப் பார்த்தாள். வாயைத் திறக்க முடியவில்லை. மூக்கு விடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. தலையை மட்டும் ஒருதரம் ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனாள். தன்னைச் சபிக்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். சுவரோடு ஒதுங்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

கழிவறை அம்பு, குடிதண்ணீர்க் குழாய், மூவர் பலகை. அப்புறம் ஜில்லென்ற கூடம். காலை நேரமாதலால் யாரும் இல்லை. வீரபாகு முன்னால் போய்த் தூணைக் காட்டினார். பிள்ளையை அடக்கம் செய்த இடத்தை மனைவிக்கு விரலால் காட்டுகிறவனுக்கு என்ன முகம் இருக்கும், அந்த முகம் இருந்தது. தெய்வநாயகி ஆறாம் எண்ணுக்குக் கீழே மண்டியிட்டுக் குனிந்தாள். கருங்கல்லில் அவள் முகம் தெரிந்தது. உதட்டைக் கொஞ்சமாகத் திறந்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, சிந்தாமல் மெதுவாகப் பாலை விட்டாள்.

பளபளப்புப் போட்ட கல் பாலைக் குடிக்கவில்லை. வெள்ளையாகத் திரண்டு நின்றது. அப்புறம் ஒரு ஓரம் மட்டும் அசைந்து, இரண்டு கல்லுக்கு நடுவே சிமெண்ட் விட்டிருந்த கோட்டைத் தேடிப் போய், அங்கே நூல்போல இறங்கத் தொடங்கியது.

"எச்சிப் பாலு" என்றாள் அவள், வாய் காலியானதும். "பரவால்லடா. சின்னதுல நான் கடிச்சிக் குடுத்ததைத்தானே தின்னே." அதன் பிறகுதான் அவள் குரல் உடைந்தது. கூடத்தின் உயரத்துக்கு அது போய் முட்டித் திரும்பியது.

சத்தம் கேட்டுத் துடைப்பக் கட்டையும் பக்கெட்டுமாகத் துப்புரவு வேலை செய்கிற சின்னபொண்ணு ஓடிவந்தாள். தரையைப் பார்த்தாள்.

"அய்ய, இன்னா ஆயா, வாந்தியா? ஒடம்பு சரியில்லன்னா வெளிய இஸ்துகினு போயிருக்கலாமே பெரியவரே. தள்ளுங்க, தொடச்சிடறேன்."

வீரபாகு அவளுக்கும் தரைக்கும் நடுவில் போய் நின்றார். "இப்ப தொடைக்காதம்மா. கொஞ்ச நேரம் வுடு. அரை மணி."

"அரை மணியா? சூப்பர்வைசர் பாத்தார்னா என்னைத் தொலைச்சிடுவாரு. அஞ்சு நிமிசம் வேணா நிக்கறேன்."

"காமணி நேரம்."

"அஞ்சுதான் பெரியவரே. எனக்கும் புள்ளகுட்டி கீது."

சிமெண்ட் கோட்டில் பால் மிக மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. வீரபாகு அதைப் பார்த்தார். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்தார். அவள் இறங்கி வரமாட்டாள்.

"சரிம்மா" என்றார். "அஞ்சு."